எந்த நூலகம் எதைத் திறந்து வைத்திருக்கிறது? இணைப்புத் தரவுக்கும் திறந்த அணுகலுக்கும் புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நூலகவியல் படித்து முடித்து ஒரு கல்லூரி நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்தால், சில மாதங்களுக்குள் இரண்டு பெயர்கள் காதில் விழத் தொடங்கும்: லிங்க்டு டேட்டா, ஓப்பன் ஆக்சஸ். தமிழில் இணைப்புத் தரவு, திறந்த அணுகல் என்று எழுதுகிறார்கள். கருத்தரங்கு மேடைகளில் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசி, "மேலைநாடுகள் எங்கேயோ போய்விட்டன, நாம்தான் பின்தங்கிவிட்டோம்" என்று முடித்துவிடுவது வழக்கம்.

நிதானமாகப் பார்த்தால் நிலவரம் அப்படி இல்லை. திறந்த அணுகலில் பிரேசிலும் மெக்சிகோவும் ஐரோப்பாவுக்கு முன்பே தனிப்பாதை போட்டுவிட்டன. இணைப்புத் தரவில் சுவீடன் தன் நாட்டு நூலகங்கள் சேர்ந்து எழுதும் கூட்டுப்பட்டியலையே மாற்றிக்கொண்டுவிட்டது. அதற்கான புதிய வடிவத்தை உருவாக்கிய அமெரிக்காவிலோ பெரும்பாலான நூலகங்கள் இன்னும் பழைய வடிவத்தில்தான் பட்டியல் எழுதுகின்றன. இதற்குக் காரணம் தொழில்நுட்ப அறிவு கூடுதல், குறைவு என்பதல்ல. பட்டியல் யார் கையில் இருக்கிறது, இதழ்களுக்கு யார் பணம் கட்டுகிறார்கள் என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டாலே பெரும்பகுதி விளங்கிவிடும். உங்கள் நூலகத்தில் எதை முதலில் செய்யலாம், எதைத் தள்ளிவைக்கலாம் என்பதும் அதிலிருந்தே தெரியும்.

நிரல் எழுதத் தெரிய வேண்டாம். கோஹா என்ற நூலக மென்பொருளில் ஒரு புத்தகத்துக்குப் பதிவு போடத் தெரிந்தால் போதும்.

படி 1: இரண்டையும் தனித்தனியாகப் புரிந்துகொள்ளுங்கள்

திறந்த அணுகல் என்பது உள்ளடக்கத்தைப் பற்றியது. ஓர் ஆய்வுக் கட்டுரையைப் பணம் கட்டாமல் யாரும் படிக்கலாம், இறக்கிக்கொள்ளலாம், மறுபடி பயன்படுத்தலாம் என்பதுதான் அதன் சாரம். 2002-இல் வெளியான புடாபெஸ்ட் அறிக்கையும் 2003-இல் வெளியான பெர்லின் அறிக்கையும் இதற்கு வரையறை கொடுத்தன. கட்டுரை ஆசிரியரே தன் கையெழுத்துப் படியை நிறுவனக் களஞ்சியத்தில், அதாவது தன் கல்வி நிறுவனம் நடத்தும் இணையச் சேமிப்பில், போட்டு வைப்பது பச்சை வழி. இதழிலேயே திறந்து வெளியிடுவது தங்க வழி. இதழும் திறந்திருக்கும், எழுதியவரிடமும் பணம் வாங்கமாட்டார்கள் என்றால் அது வைர வழி. இந்த மூன்று நிறங்களையும் நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இணைப்புத் தரவு என்பது விவரணையைப் பற்றியது, அதாவது நாம் எழுதும் பட்டியலைப் பற்றியது. நூலகப் பதிவில் "ராமானுஜன், எஸ்." என்று தட்டச்சு செய்கிறோம். நமக்கு அது ஒரு மனிதர். கணினிக்கு அது வெறும் எழுத்து வரிசை. கும்பகோணத்துக் கணித மேதையா, அதே பெயரில் இயற்பியல் பாடநூல் எழுதிய வேறொருவரா என்று அதற்குத் தெரியாது. பெயருக்குப் பதிலாக, அல்லது பெயரோடு கூட, அந்த மனிதருக்கென்று மாறாத ஓர் இணைய முகவரியைக் கொடுத்துவிட்டால் குழப்பம் தீர்ந்தது. ஜெர்மன் நூலகம் கொடுத்த முகவரியும் பிரெஞ்சு நூலகம் கொடுத்த முகவரியும் ஒரே ஆளைத்தான் குறிக்கின்றன என்று இன்னொரு வரி எழுதிவிட்டால், கணினி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தானே தாவும். டிம் பெர்னர்ஸ்-லீ 2006-இல் எழுதிய நான்கு விதிகளின் உள்ளடக்கம் ஏறக்குறைய இவ்வளவுதான்.

இரண்டும் ஒன்றில்லாமல் இன்னொன்று இருக்க முடியும். இலவசமாகப் படிக்கக் கிடைக்கும் பிடிஎஃப், மோசமான பட்டியலில் புதைந்து கிடக்கலாம். கட்டணம் கட்டினால்தான் திறக்கும் புத்தகத்துக்கு மிக நேர்த்தியான இணைப்புத் தரவு இருக்கலாம். இரண்டும் சந்திக்கும் இடம் உரிமம். பட்டியல் தரவை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று எழுதி வைக்காதவரை, அதை மற்றவர் தரவோடு இணைக்க யாருக்கும் துணிவு வராது.

படி 2: ஒரு பெயரை எடுத்துக்கொண்டு நூலகம் நூலகமாகப் போய்ப் பாருங்கள்

நாட்டுக்கு நாடு உள்ள வேறுபாட்டைக் கட்டுரை படித்துத் தெரிந்துகொள்வதைவிட, ஒரு பிற்பகல் உட்கார்ந்து கண்ணால் பார்ப்பது நல்லது. மேலே சொன்ன ராமானுஜனையே எடுத்துக்கொள்வோம். அவரைப் பற்றிப் பல நாடுகளில் புத்தகங்கள் உள்ளன. பெயரும் பல விதமாக எழுதப்பட்டிருக்கிறது.

முதலில் யாரும் திருத்தக்கூடிய திறந்த தரவுத்தளமான விக்கிடேட்டாவுக்குப் போய்த் தமிழிலேயே தேடுங்கள். அவருக்கான பக்கத்தில் கடைசிவரை இறங்கினால் அடையாள எண்களின் நீண்ட வரிசை வரும். வியாஃப் (பல நாட்டு நூலகங்களின் பெயர்ப் பதிவுகளை இணைப்பது), ஜிஎன்டி (ஜெர்மன் மொழி நூலகங்களின் பெயர்க் கோப்பு), அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், பிரெஞ்சு தேசிய நூலகம் என்று ஒவ்வொன்றாக இருக்கும். ஒவ்வொன்றையும் சொடுக்கி உள்ளே போங்கள். போகும் இடத்திலெல்லாம் மூன்று விஷயங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த மனிதருக்கு மாறாத முகவரி என்று ஒன்று காட்டப்பட்டிருக்கிறதா? தரவைக் கணினி படிக்கும் வடிவில் இறக்கிக்கொள்ள வழி இருக்கிறதா? உரிமம் என்னவென்று எழுதியிருக்கிறதா?

அடுத்து, அதே பெயரை இந்திய முனைவர் பட்ட ஆய்வேடுகளின் களஞ்சியமான சோத்கங்காவில் தேடுங்கள். உங்கள் கல்லூரிப் பட்டியலிலும் தேடுங்கள். பெயர்கள் பெரும்பாலும் தட்டச்சு செய்தபடியே நிற்கும். சாய்ந்து உட்கார்ந்து இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இதற்கு மேல் இணைப்புத் தரவுக்கு விளக்கம் தேவைப்படாது.

படி 3: பட்டியல் யார் கையில் இருக்கிறது என்று கேளுங்கள்

சுவீடனில் லிப்ரிஸ் என்ற கூட்டுப்பட்டியலைத் தேசிய நூலகம் நடத்துகிறது. பல்கலைக்கழக நூலகங்கள் தனித்தனியாகப் பட்டியல் எழுதிப் பிறகு மையத்துக்கு அனுப்புவதில்லை. எல்லோரும் லிப்ரிஸுக்குள் போய்த்தான் எழுதுகிறார்கள். 2008-இல் அந்தப் பட்டியல் இணைப்புத் தரவாக வெளியிடப்பட்டது. ஒரு தேசியக் கூட்டுப்பட்டியல் இப்படி வெளிவந்தது அப்போது புதுமை. ஆனால் அது நகல்தான். உள்ளே வேலை மார்க் என்ற பழைய பதிவு வடிவத்திலேயே நடந்தது. 2018-இல் உள்ளேயும் மாற்றிவிட்டார்கள். இணைப்புத் தரவுக்கென்று உருவான பிப்ஃப்ரேம் மாதிரியை அடிப்படையாகக் கொண்ட புதிய அமைப்பில் பட்டியலாளர் எழுதும்போதே இணைப்புத் தரவு உருவாகிறது. மேசை ஒன்றாக இருந்ததால்தான் ஒரே வீச்சில் மாற்ற முடிந்தது.

ஜெர்மனியின் பலம் பெயர்களில் இருக்கிறது. ஆட்கள், நிறுவனங்கள், பொருள் தலைப்புகள் ஆகியவற்றுக்குத் தனித்தனியாக இருந்த அதிகாரக் கோப்புகளை (ஒவ்வொன்றுக்கும் ஏற்கப்பட்ட பெயர் வடிவத்தைச் சொல்பவை) 2012-இல் ஜிஎன்டி என்ற ஒரே கோப்பாக்கினார்கள். ஜெர்மன், ஆஸ்திரிய, சுவிஸ் நூலகங்கள் சேர்ந்து அதைப் பராமரிக்கின்றன. உரிமம் சிசி-0, அதாவது எந்த நிபந்தனையும் இல்லை. 2005-லேயே ஜெர்மன் விக்கிப்பீடியா தன் வாழ்க்கைக் கட்டுரைகளில் தேசிய நூலகத்தின் ஆள் அடையாள எண்களைப் போடத் தொடங்கியது. நூலகரும் விக்கிப்பீடியரும் அவ்வளவு முன்பே கை கோத்ததுதான் அங்கே பெரிய முதலீடு என்பது என் எண்ணம்.

பிரான்சின் நோக்கம் வேறு. அங்கே தேசிய நூலகத்தின் பொதுப் பட்டியல், கல்லிக்கா மின்னூலகம், கையெழுத்துச் சுவடிப் பட்டியல் எல்லாம் தனித்தனித் தீவுகளாகக் கிடந்தன. தேடுபொறிகளுக்கு அவை எட்டவும் இல்லை. 2011-இல் தொடங்கிய அவர்களுடைய தரவுத் தளம் ஓர் ஆசிரியருக்கு ஒரு பக்கம் என்று எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டுகிறது. அதே ஆண்டில் ஸ்பெயின் தேசிய நூலகமும் தன் தரவுத் தளத்தைத் திறந்தது. பின்லாந்து, ஃபின்டோ என்ற சொற்களஞ்சியச் சேவையையும் அதை இயக்கும் ஸ்கோஸ்மோஸ் மென்பொருளையும் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டது. உங்களிடம் தமிழ்ப் பொருள் தலைப்புப் பட்டியல் ஒன்று இருந்தால், நாளைக்கே அந்த மென்பொருளில் ஏற்றிப் பார்க்கலாம்.

தமிழ் வாசகர்கள் ஜப்பானை மட்டும் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். ஒரே உச்சரிப்புள்ள பெயரை வெவ்வேறு சித்திர எழுத்துகளில் எழுதும் மொழி அது. அங்குள்ள தேசிய நாடாளுமன்ற நூலகத்தின் அதிகாரக் கோப்பு, பெயரின் எழுத்து வடிவத்தோடு அதன் உச்சரிப்பையும் சேர்த்தே வைத்திருக்கிறது. இணைப்புத் தரவாகவும் கொடுக்கிறது. ரோமன் எழுத்தில் இல்லாத மொழி என்றால் இதெல்லாம் கடினம் என்று யாராவது சொன்னால் இதைக் காட்டுங்கள்.

சரி, அமெரிக்காவுக்கு வருவோம். மார்க் வடிவம் 1960-களில் காங்கிரஸ் நூலகத்தில் ஹென்ரியட் ஆவ்ராம் தலைமையில் பிறந்தது. அதற்கு மாற்றாக பிப்ஃப்ரேமை உருவாக்கும் முயற்சியும் அதே நூலகத்தில் 2011-இல் தொடங்கியது. இரண்டாம் பதிப்பு 2016-இல் வந்தது. பொருள் தலைப்புகளை இணைப்புத் தரவாக அவர்கள் 2009-லேயே திறந்துவிட்டார்கள். ஆனாலும் நாடு முழுவதும் மாறவில்லை. ஆயிரக்கணக்கான நூலகங்கள் தனித்தனி நிர்வாகத்தில் இருக்கின்றன. தனியார் நிறுவனங்களிடம் மென்பொருள் வாங்குகின்றன. பதிவுகளை ஓசிஎல்சி என்ற உறுப்பினர் அமைப்பின் வேர்ல்ட்கேட் வழியாகப் பகிர்ந்துகொள்கின்றன. அந்தப் பதிவுகள் யாருக்குச் சொந்தம் என்பதில் நெடுநாள் இழுபறி உண்டு. 2022-இல் நூலக மென்பொருள் விற்கும் கிளாரிவேட் நிறுவனம் மெட்டாடோர் என்ற பெயரில் நூலகங்கள் பதிவுகளை இலவசமாகப் பகிர்ந்துகொள்ள ஒரு மேடை அமைக்கப் பார்த்தது. ஓசிஎல்சி வழக்குப் போட்டது. அதே ஆண்டு நவம்பரில் சமரசமாகி, மெட்டாடோர் நின்றுபோனது. பட்டியல் பதிவுக்காக நீதிமன்றம் போவார்களா என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு வழக்கு போதும்.

பிரிட்டிஷ் நூலகம் தன் தேசிய நூற்பட்டியலை 2011-இல் இணைப்புத் தரவாக்கியது. 2023 அக்டோபரில் நடந்த சைபர் தாக்குதலில் அந்த நூலகத்தின் இணையப் பட்டியல் உட்படப் பல சேவைகள் மாதக்கணக்கில் நின்றன. மாறாத முகவரி என்பது, அதைத் தாங்கும் சர்வர் உயிரோடு இருக்கும்வரைதான். அதனால் ஒரே ஒரு நூலகத்தின் எண்ணை மட்டும் நம்பிப் பதிவு எழுதாதீர்கள். குறைந்தது இரண்டு எண்ணாவது போடுங்கள்.

இந்தியாவில் பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் மையமான இன்ஃப்ளிப்நெட் நடத்தும் இண்ட்கேட் கூட்டுப்பட்டியல் இருக்கிறது. ஆனால் அது பல்கலைக்கழகங்கள் அனுப்பும் பதிவுகளைத் திரட்டி வைப்பது; லிப்ரிஸ் போல எல்லோரும் ஒரே மேசையில் எழுதுவதல்ல. ஒரே ஆசிரியர் பல வடிவங்களில் வருவதற்கு அதுவே காரணம். இதைத் தனி ஒரு கல்லூரி சரிசெய்ய முடியாது. ஆனால் உங்கள் பதிவுகளில் அடையாள எண் இருந்தால், பிறகு யார் திரட்டினாலும் பொருத்திக்கொள்வார்கள்.

படி 4: இதழ்களுக்கு யார் பணம் கட்டுகிறார்கள் என்று கேளுங்கள்

லத்தீன் அமெரிக்காவில் ஆய்விதழ்களைப் பெரும்பாலும் பல்கலைக்கழகங்களே நடத்துகின்றன. ஆசிரியர் குழுவுக்கும் அச்சுக்கும் ஆகும் செலவு ஏற்கெனவே பொதுப்பணத்தில் நடந்தது. விற்று லாபம் பார்க்கும் பதிப்பகம் நடுவில் இல்லாததால், இணையத்தில் திறந்துவிடுவதற்குத் தடையும் இல்லை. குறை வேறிடத்தில் இருந்தது: ஸ்பானிய, போர்ச்சுகீசிய இதழ்களை அமெரிக்க, ஐரோப்பியக் குறியீட்டுத் தரவுத்தளங்கள் அவ்வளவாகச் சேர்த்துக்கொள்ளவில்லை. அதற்காகத் தாங்களே ஒன்று கட்டிக்கொண்டார்கள். பிரேசிலில் சாவோ பாவ்லோ ஆய்வு நிதி அமைப்பும் பிரேமே என்ற மருத்துவத் தகவல் மையமும் சேர்ந்து 1997-இல் முன்னோட்டமாகத் தொடங்கியது சைலோ. மெக்சிகோ மாநிலத் தன்னாட்சிப் பல்கலைக்கழகம் 2003-இல் ரெடாலிக்கைத் தொடங்கியது. புடாபெஸ்ட் அறிக்கைக்கு ஐந்தாண்டு முன்பே சைலோ இருந்தது என்பதைக் கவனியுங்கள். பெருவும் அர்ஜென்டினாவும் 2013-இல் சட்டமே போட்டன; பொதுப்பணத்தில் நடந்த ஆய்வின் முடிவுகள் திறந்த களஞ்சியங்களில் இருக்க வேண்டும் என்பது அவற்றின் சாரம். வைர வழி என்று இன்று மாநாடுகளில் பேசப்படுவதை, அங்கே பெயர் வைக்காமலேயே செய்துகொண்டிருந்தார்கள்.

ஐரோப்பாவின் நிலை நேர்மாறு. இதழ்கள் பெரிய பதிப்பகங்கள் கையில் இருந்தன. அவற்றைத் திறக்க வேண்டும் என்றால் பதிப்பகத்தோடு பேரம் பேச வேண்டும். 2018-இல் சுவீடனின் பல்கலைக்கழகக் கூட்டமைப்பு எல்செவியர் என்ற பதிப்பகத்தோடு இருந்த ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டது. அடுத்த ஆண்டு புதிய நிபந்தனைகளோடு திரும்பியது. ஜெர்மனியின் டீல் கூட்டமைப்பு வைலி பதிப்பகத்தோடு 2019-இலும் எல்செவியரோடு 2023-இலும் ஒப்பந்தம் போட்டது. படிக்கவும் வெளியிடவும் சேர்த்து ஒரே கட்டணம் என்பது இந்த ஒப்பந்தங்களின் உள்ளடக்கம். தாங்கள் பணம் கொடுத்த ஆய்வுகள் திறந்தே வெளிவர வேண்டும் என்று நிதி அமைப்புகள் 2018-இல் அறிவித்து, 2021-இல் நடைமுறைக்கு வந்த பிளான்-எஸ் இந்தப் போக்கை வேகப்படுத்தியது. இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2021 தொடக்கத்திலிருந்து நேச்சர் இதழில் ஒரு கட்டுரையைத் திறந்து வெளியிட 9,500 யூரோ என்று விலை வைக்கப்பட்டது. படிப்பவருக்கு இருந்த சுவர் எழுதுபவருக்கு முன்னால் நகர்ந்துவிட்டது. நிதி இல்லாத நாட்டு ஆய்வாளருக்கு இரண்டு சுவர்களில் எது கொடியது என்றால், நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். முதல் சுவரைத் தாண்ட, கட்டுரை எழுதியவருக்கே ஒரு மின்னஞ்சல் போட்டால் படி கிடைத்துவிடும்.

அமெரிக்கா பச்சை வழியை ஆணையாக்கியது. தேசிய சுகாதார நிறுவனங்களின் நிதியில் நடந்த ஆய்வுக் கட்டுரைகள் பொதுக் களஞ்சியத்தில் சேர வேண்டும் என்ற கட்டாயம் 2008-இல் வந்தது. அப்போது ஓராண்டு வரை தாமதிக்கலாம். 2022-இல் வெள்ளை மாளிகை அறிவியல் அலுவலகம் அந்தத் தாமதமே கூடாது என்று எல்லாத் துறைகளுக்கும் குறிப்பு அனுப்பியது. சுகாதார நிறுவனங்கள் 2025 ஜூலையில் அதை அமல்படுத்தின.

ஆப்பிரிக்காவில் 1998-இல் தொடங்கிய ஆஜோல், அதாவது ஆப்பிரிக்க இதழ்கள் இணையம், அந்தக் கண்டத்து இதழ்களை ஒரே இடத்தில் காட்டுகிறது. தென்னாப்பிரிக்கா 2009-இல் சைலோ வலையில் சேர்ந்துகொண்டது. இந்தோனேசியாவையும் மறக்க வேண்டாம். டோஜ் எனப்படும் திறந்த இதழ்கள் கையேட்டில் நாடுவாரியாகப் பார்த்தால் அது முன்வரிசையில் நிற்கும். பல்கலைக்கழகங்கள் ஓஜேஎஸ் என்ற இலவச மென்பொருளைப் பரவலாக எடுத்துக்கொண்டது அதற்கு முக்கியக் காரணம்.

இந்தியா இப்போது எடுத்திருக்கும் பாதை மேலே சொன்ன எதிலும் அடங்காது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. முப்பது பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை, மத்திய மாநில அரசுகள் நடத்தும் 6,300-க்கும் மேற்பட்ட உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்கள் படிக்கலாம். ஒருங்கிணைப்பு இன்ஃப்ளிப்நெட்டிடம். அரசுக் கல்லூரி மாணவருக்கு இது பெரிய கொடை, சந்தேகமில்லை. ஆனால் இது திறந்த அணுகல் அல்ல. அரசுக் கல்லூரிக்கு எதிர்த்தெருவில் உள்ள பொது நூலகத்தில் உட்கார்ந்திருக்கும் வாசகருக்கு அந்தக் கதவு திறக்காது.

திறந்த வழியும் இங்கே இல்லாமல் இல்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் 2002-லேயே நிறுவனக் களஞ்சியம் தொடங்கிவிட்டது. சென்னையில் இருந்துகொண்டு சுப்பையா அருணாசலம் பல்லாண்டுகளாக இதற்காக வாதாடியிருக்கிறார். உயிரித் தொழில்நுட்பத் துறையும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் 2014-இல் பச்சை வழிக் கொள்கை ஒன்றை வெளியிட்டன. சோத்கங்காவில் இலட்சக்கணக்கான முனைவர் பட்ட ஆய்வேடுகள் எந்தச் சந்தாவும் இல்லாமல் திறந்து கிடக்கின்றன. புதிதாக வரும் மாணவரிடம் முதலில் காட்ட வேண்டியது அதைத்தான்.

படி 5: உங்கள் நூலகத்தில் பெயர்களிலிருந்து தொடங்குங்கள்

பிப்ஃப்ரேம், ஆர்டிஎஃப், ஸ்பார்க்கிள் என்று இணைப்புத் தரவின் தொழில்நுட்பங்களைப் படிக்க ஆசை இருந்தால் படியுங்கள், தப்பில்லை. ஆனால் சிறிய நூலகத்துக்கு அதெல்லாம் இரண்டாம் கட்டம். இப்போதைய வேலை பெயர்களுக்கு அடையாள எண் போடுவது.

முதலில் உங்கள் கல்லூரிப் பேராசிரியர்கள். எல்லோருக்கும் ஆர்கிட் எண், அதாவது ஆய்வாளருக்கென்று உள்ள அடையாள எண், எடுக்கச் சொல்லுங்கள். இலவசம், சில நிமிட வேலை. அப்புறம் உங்கள் ஊர், மாவட்டம் சார்ந்த ஆசிரியர்கள். காங்கிரஸ் நூலகமோ ஜெர்மன் நூலகமோ இவர்களுக்குப் பதிவு போடக் காத்திருக்க வேண்டாம். ஓர் ஐம்பது பெயர்களை எடுத்து விக்கிடேட்டாவில் தேடுங்கள். இருப்பவர்களுக்குத் தமிழ்ப் பெயர், புனைபெயர், இனிஷியலோடு கூடிய வடிவம் எல்லாவற்றையும் மாற்றுப் பெயர்களாகச் சேருங்கள். புதுமைப்பித்தனுக்கு விருத்தாசலம் என்ற இயற்பெயரும் இருப்பது தமிழருக்குத் தெரியும், வேற்று நாட்டுப் பட்டியலாளருக்குத் தெரியாது. இல்லாதவர்களுக்குப் புதிய பக்கம் தொடங்கலாம். ஆனால் அச்சில் வந்த ஆதாரம் ஏதாவது இருக்க வேண்டும். உயிரோடு இருப்பவர் என்றால் அவரே பொதுவெளியில் சொல்லாத பிறந்தநாள், முகவரி போன்றவற்றைப் போடாதீர்கள்.

கிடைத்த எண்ணைக் கோஹாவில் எங்கே வைப்பது? அதிகாரப் பதிவில் 024-ஆம் புலம் இதற்கென்றே இருக்கிறது. நூல் பதிவில் 100, 700 புலங்களில் $0, $1 துணைப்புலங்கள் இருக்கின்றன. அதிகாரப் பதிவின் முகவரிக்கு முன்னது, ஆளையே குறிக்கும் முகவரிக்குப் பின்னது. உங்கள் கோஹாவில் இவை மறைந்திருக்கலாம். மார்க் ஃப்ரேம்வொர்க் அமைப்பில் போய்த் திறந்துகொள்ளுங்கள். $9 என்பது கோஹா தன் உள்வேலைக்கு வைத்திருப்பது, அதைத் தொடாதீர்கள்.

ஐநூறு, ஆயிரம் பெயர்கள் என்று வந்துவிட்டால் ஒவ்வொன்றாகத் தேட முடியாது. கோஹாவிலிருந்து பெயர்ப் பட்டியலை சிஎஸ்வி கோப்பாக எடுத்து ஓப்பன்ரிஃபைன் மென்பொருளில் திறந்தால், அது விக்கிடேட்டாவோடு ஒப்பிட்டுப் பொருத்தம் சொல்லும். அது சொல்வதை அப்படியே ஏற்காதீர்கள். தமிழில் ஒரே பெயர், ஒரே இனிஷியல் உள்ளவர்கள் ஏராளம். புத்தகத் தலைப்பையும் ஆண்டையும் பார்த்த பிறகே உறுதி செய்யுங்கள்.

தமிழ்ப் புத்தகங்களுக்கென்று இரண்டு எச்சரிக்கை. 2010-இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை (யூனிகோட்) தரமாக ஏற்பதற்கு முன்பு, பல நூலகங்கள் தனி எழுத்துருக்களில் தட்டச்சு செய்தன. அந்தப் பதிவுகள் அதே எழுத்துரு உள்ள கணினியில் சரியாகத் தெரியும்; வேறு எங்கும் புரியாத குறிகளாகத் தெரியும். எண் போடும் வேலைக்கு முன்பே இவற்றை மாற்றிவிடுங்கள். இரண்டாவது, வெளிநாட்டுப் பட்டியலிலிருந்து இசட் 39.50 (பிற நூலகப் பதிவுகளைத் தேடி எடுக்கும் நெறிமுறை) வழியாக இறக்கும் தமிழ் நூல் பதிவுகளில் தலைப்பு பெரும்பாலும் ரோமன் எழுத்தில் இருக்கும். தமிழைச் சேர்க்கும்போது ரோமன் வடிவத்தை அழித்துவிடாதீர்கள். பன்னாட்டுப் பட்டியல்களோடு பொருத்த அதுதான் பிடிமானம். எந்தப் புலத்தில் எது என்று ஒரு பக்கத்துக்கு விதி எழுதிப் பட்டியல் மேசையில் ஒட்டி வையுங்கள்.

படி 6: களஞ்சியத்தைத் திறங்கள், உரிமத்தை எழுதி வையுங்கள்

களஞ்சிய மென்பொருளான டிஸ்பேஸ் அல்லது ஈபிரின்ட்ஸ் நிறுவியிருந்தால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி ஆட்களோடு. கட்டுரை கேட்டால் பேராசிரியர்கள் பதிப்பகத்தின் லோகோவோடு கூடிய இறுதிப் பிடிஎஃப்பைத்தான் அனுப்புவார்கள். அதைப் போடப் பல பதிப்பகங்கள் அனுமதிப்பதில்லை. நீங்கள் கேட்க வேண்டியது, மதிப்பாய்வு முடிந்து ஏற்கப்பட்ட, ஆனால் அச்சுக்கோப்பு செய்யப்படாத வேர்டு கோப்பு. எந்த இதழ் எதை, எத்தனை மாதம் கழித்து அனுமதிக்கிறது என்பதை, முன்பு ஷெர்பா ரோமியோ என்று அறியப்பட்ட ஜிஸ்க் அமைப்பின் இலவசச் சேவையில் பார்க்கலாம். தாமதக் காலம் இருந்தால் இப்போதே பதிவேற்றித் தேதியைக் குறித்துவிடுங்கள். அந்த நாள் வந்ததும் டிஸ்பேஸ் தானே திறந்துவிடும்.

எங்கே வெளியிடலாம் என்று கேட்டு வருபவர்களும் இருப்பார்கள். பல்கலைக்கழக மானியக் குழு ஏற்ற இதழ்களைச் சொன்ன யுஜிசி-கேர் பட்டியல் 2025-இல் கைவிடப்பட்டுவிட்டது. இனி ஒரே பட்டியலைக் காட்டி அனுப்பிவிட முடியாது. டோஜில் இதழ் இருக்கிறதா, கட்டணம் எவ்வளவு என்று முன்கூட்டியே எழுதியிருக்கிறதா, ஆசிரியர் குழுவில் உள்ளவர்கள் தங்கள் பல்கலைக்கழகப் பக்கத்தில் அதைக் குறிப்பிட்டிருக்கிறார்களா என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் கொடுங்கள். கல்லூரியே ஓர் ஆய்விதழ் நடத்துகிறது என்றால் ஓஜேஎஸ்ஸுக்கு மாற்றச் சொல்லுங்கள்.

உரிமம் இரண்டு இடத்தில் வேண்டும். உள்ளடக்கத்துக்கு ஒவ்வொரு கட்டுரையிலும் தனியாக. பட்டியல் தரவுக்குக் களஞ்சியத்தின் முகப்பில் "எங்கள் மெட்டாடேட்டா சிசி-0" என்று ஒரே வரி. முதல்வரிடம் கேட்டால் தரவைச் சும்மா கொடுப்பதா என்று தயங்குவார். ஐரோப்பிய நூலகங்கள், அருங்காட்சியகங்களின் மின் தொகுப்பான யூரோப்பியானா 2012-இல் தன்னிடம் உள்ள கோடிக்கணக்கான கலைப்பொருள் பதிவுகளின் விவரத்தை அப்படித்தான் கொடுத்தது என்று சொல்லிப் பாருங்கள்.

அடுத்து, மற்றவர்கள் உங்கள் பதிவு விவரங்களைத் தானாகத் திரட்ட உதவும் ஓஏஐ-பிஎம்எச் வசதி இயங்குகிறதா என்று பார்த்து, திறந்த களஞ்சியங்களின் பெயர்ப்பட்டியலான ஓப்பன்டோரிலும், பீலஃபெல்ட் பல்கலைக்கழக நூலகத்தின் பேஸ் தேடுபொறியிலும், பிரிட்டனின் கோர் திரட்டியிலும் களஞ்சியத்தைப் பதிவு செய்யுங்கள். திரட்டுவதற்குக் கொஞ்ச காலம் ஆகும். உங்கள் கட்டுரை ஒன்றின் முழுத் தலைப்பை அவற்றில் தேடிப் பார்த்தால் வேலை நடந்ததா என்று தெரிந்துவிடும்.

கடைசியாக ஒன்று, பலரும் விட்டுவிடுவது. உங்கள் டிஸ்பேஸில் ஏதாவது ஒரு கட்டுரையைத் திறந்து அதன் முகவரியைப் பாருங்கள். நடுவில் 123456789 என்று இருந்தால், அது மென்பொருளோடு வரும் மாதிரி எண். யாரும் உங்களுக்கென்று ஒதுக்கியதல்ல. சோத்கங்காவில் அந்த இடத்தில் 10603 இருக்கும். அது முறையாகப் பெற்ற ஹேண்டில் எண், அதாவது ஆவணங்களுக்கு மாறாத முகவரி தரும் முறையில் ஒரு நிறுவனத்துக்கென்று ஒதுக்கும் எண். ஆண்டுக்குச் சிறிய கட்டணம்தான். அது இருந்தால் சர்வர் மாறினாலும் பெயர் மாறினாலும் பழைய இணைப்புகள் புதிய இடத்துக்கு வந்து சேரும். எண் வாங்கியதும் அதன் புதுப்பிப்புத் தேதி, டொமைன் புதுப்பிப்புத் தேதி, ஓப்பன்டோரில் பதிவு செய்த விவரம் மூன்றையும் பொறுப்பு ஒப்படைப்புக் கோப்பில் எழுதி வையுங்கள். எல்லாவற்றையும் உங்கள் சொந்த மின்னஞ்சலில் பதிவு செய்யாமல் நூலகத்தின் பொது மின்னஞ்சலிலேயே செய்யுங்கள். நீங்கள் மாற்றலாகிப் போன பிறகு புதுப்பிப்பு நினைவூட்டல் அங்கேதான் வர வேண்டும்.